பட்டுத் தராசில் ஈரத் துணி

இருமினால் கொஞ்சம், தும்மினால் கொஞ்சம், வாய்விட்டுச் சிரித்தால் இன்னும் கொஞ்சம் என்று உங்களுக்கும் ஆரம்பித்துவிட்டதாமே? கையைத் தூக்க வேண்டாம். நம் வயதுப் பெண்கள் நாலு பேர் கூடி உட்கார்ந்தால் எவள் முதலில் காலை இறுக்கிக்கொள்கிறாள் என்று நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு வந்தது என்கிறாள் ஒருத்தி. நாற்பது தாண்டியதும் வந்தது என்கிறாள் இன்னொருத்தி. அதைச் சொல்வதற்குள் குரல் கிணற்றுக்குள் இறங்கிவிடுகிறது, கண் வாசலைப் பார்க்கிறது. அடியே, நீங்களெல்லாம் நேற்றுச் சேர்ந்தவர்கள். நான் பிறந்த அன்றே இந்தக் கட்சியில் உறுப்பினர். சீனியர் பேசும்போது கொஞ்சம் மரியாதையாகக் கேளுங்கள்.

எனக்கும் ஒன்றும் பெரிய வயதில்லை. அக்கா பதினெட்டில் கல்யாணம் செய்துகொண்டாள், அவள் மகளும் அவசரக்காரி. அந்த அவசரத்தில் அக்காவின் பேத்தி வந்து என்னையும் "ஆயா" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டது. நோகாமல் வந்த பதவி, விடுவேனா?

பிறக்கும்போது என் முதுகுக்குக் கீழே எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி இருந்ததாம். குழந்தையிலேயே அறுத்து எடுத்துவிட்டார்கள். கட்டி போயிற்று. ஆனால் இடது கால் சூம்பி, பாதம் உள்பக்கமாகத் திரும்பிக்கொண்டது. இரும்புப் பட்டை வைத்த பூட்ஸ், கையில் ஒரு கழி. அதைப் பற்றி எனக்கு வருத்தம் கிடையாது. நாலு பேர் என்னை நொண்டி என்றால் ஐந்தாவதாக நானே சொல்லிவிடுவேன், பேச்சு அங்கேயே முடிந்துவிடும். கால் ஊருக்குத் தெரிந்த குறை. தெரியாத குறைதான் பேஜார். ஒன்றுக்கு வருவது எனக்குத் தெரியாது. முதலில் பாவாடைக்குத் தெரியும், அடுத்தது பக்கத்தில் இருப்பவர் மூக்குக்குத் தெரியும், கடைசியில்தான் எனக்குச் சொல்வார்கள்.

அதனால் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. பெரிய டீச்சர் அப்பாவைக் கூப்பிட்டு, "பொண்ணு நல்லாத்தாங்க படிக்குது. காஞ்சதும் அனுப்புங்க" என்றார். மொட்டை மாடியில் போட்ட வடாமா நான்?

நான் சொல்ல வந்தது, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு ஐப்பசியில் ஆரம்பித்துத் தை மாதம் வரைக்கும் நடந்த கதை. எனக்குப் பதினோரு வயது.

ஆரணியில் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு பட்டுத் தறி. ஒரு பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல், நெய்து முடிந்ததும் அடுத்த பாவைத் தறியில் ஏற்ற வேண்டும். அதற்குப் பழைய பாவின் நுனி ஒவ்வொன்றோடும் புதுப் பாவின் நுனியை எடுத்து, விரலில் சாம்பலைத் தொட்டு, முறுக்கிச் சேர்ப்பார்கள். முடிச்சு கிடையாது, வெறும் முறுக்குதான். ஆயிரக்கணக்கான இழைகள். இரண்டு பெண்கள் இரண்டு ஓரத்திலிருந்து ஆரம்பித்து நடுவில் வந்து சந்திப்பார்கள். இந்த வேலையில் தெருவிலேயே பேர் வாங்கியவள் என் அத்தை, அப்பாவின் அக்கா. புருஷன் போன பிறகு எங்கள் வீட்டுக்கு வந்தவள், வந்த அன்றே சாவிக்கொத்தை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டவள். அவளுக்கு ஜோடியாக உட்கார்ந்த பெண் அந்த ஆவணியில் கல்யாணமாகிச் சேவூருக்குப் போய்விட்டாள். காலியான அந்த இடத்தின் மேல் எனக்குக் கண்.

வெறும் ஆசை இல்லை. சன்னல் கம்பியில் கழிவு நூலைக் கட்டிக்கொண்டு நாள் முழுக்க முறுக்கிப் பழகியிருந்தேன். ஓட முடியாத பிள்ளைக்கு விரல்தானே கால்? இழுத்துப் பார்த்தால் நூல்தான் அறும், என் முறுக்கு அறாது. துணிந்து ஒரு நாள் அத்தையிடம் கேட்டேன்.

"இன்னாது? நீ பாவாண்ட ஒக்காரப் போறியா? ஒரு சொட்டு உழுந்தா சாயம் எறங்கிடும்டி. அரக்குக் கரை கரைஞ்சி சேலையோட வெள்ள ஒடம்பெல்லாம் ரோஸ் ஆயிடும். எவன் ஊட்டுப் பட்டுன்னு நெனச்சினுகிற?"

"வராதப்ப ஒக்கார்றேன் அத்த."

"எப்ப வராது? சொல்லு. எப்ப வராது?"

அம்மா தறியை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தாள், பிறகு மறுபடியும் மிதித்தாள்.

எப்போது வராது என்று யாருக்கும் தெரியாததால் அத்தை ஒரே வழிதான் வைத்திருந்தாள். உள்ளே போனால்தானே வெளியே வரும்? மத்தியானத்துக்கு மேல் எனக்குத் தண்ணீர் கிடையாது. குழம்பைக்கூடச் சோற்றில் தெளித்துதான் விடுவாள். அம்மாவின் பழைய நூல் சேலைகளைக் கிழித்து மடித்து எனக்குக் கட்டிவிடுவாள். ஐப்பசி மழையில் அந்தத் துணிகள் காயாது. கொல்லையில் சாயம் போட்ட பட்டு நூல் ஒரு கொடியில், என் துணிகள் ஒரு கொடியில். அடுப்புப் புகை, ஈரச் சாணம், சாய வாடை, இவற்றுக்கு நடுவில் என் வாடை. தண்ணீர் குறையக் குறைய அது காரமாகிக்கொண்டே போனது. தொடை இடுக்கெல்லாம் வெந்து, தேங்காய் எண்ணெய் வைத்தாலும் எரியும்.

அத்தையை ராட்சசி என்று நினைத்துவிடாதீர்கள். நானும் வெகுகாலம் அப்படித்தான் நினைத்திருந்தேன். விடியும் முன்னே என் துணிகளை மூட்டை கட்டிக் கமண்டல நதிக்கு எடுத்துப் போய் அலசிக்கொண்டு வந்தவள் அவள்தான். தெருவில் ஒருத்தி கண்ணில்கூட அது பட்டதில்லை. பெற்றவளுக்கே மூக்கு சுளித்த நாள் உண்டு, அவளுக்கு இல்லை. செய்த தப்பும் பாசத்தில்தான் செய்தாள். ஆனால் தப்பு தப்புதான்.

தீபாவளிக்கு முன்னால் எனக்குக் குளிர்க் காய்ச்சல் வந்து விலா நடுங்கியது. நாட்டு மருந்து, ஊர் டாக்டர் ஊசி, ஒன்றும் கேட்கவில்லை. அப்பாவும் அத்தையும் என்னை வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். பஸ்ஸில் எனக்குக் கீழே ரப்பர் ஷீட், அதன்மேல் துண்டு, அதன்மேல் மகாராணி. அங்கே ஒரு டாக்டரம்மா வயிற்றை அமுக்கிப் பார்த்தார். சிறுநீரில் கிருமி சேர்ந்திருக்கிறது என்றார். காய்ச்சல் இறங்கியதும் கோடு போட்ட பிளாஸ்டிக் ஜாடி ஒன்றையும் ஒரு தாளையும் கொடுத்தார்.

"மூணு நாளைக்கு இவ எவ்வளவு குடிக்கிறா, ஜாடியில எவ்வளவு போறா, எவ்வளவு ஒழுகுதுன்னு நேரம் போட்டு எழுதிட்டு வாங்க. அடுத்த வாரம் மிஷின்ல டெஸ்ட் பண்ணலாம்."

டெஸ்ட் என்ற சொல்லை அத்தை கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். டெஸ்ட் என்றால் பரீட்சை. பரீட்சை என்றால் மார்க். நம் வீட்டுப் பிள்ளை வேலூரில் போய் மானத்தை வாங்கலாமா? வீட்டுக்கு வந்ததும் அக்காவை எழுத உட்காரவைத்தாள். அத்தை சொல்லச் சொல்ல அக்கா எழுதினாள்.

"தண்ணி ரெண்டு டம்ளர். ஜாடில எவ்ளோ? முப்பதா? எழுது. ஒழுவறது, இல்ல."

"நாலு துணி மாத்தனமே அத்த?" என்றாள் அக்கா.

"அது நமக்குள்ள. ஆஸ்பத்திரிக்கு எதுக்குடி அதெல்லாம்? இல்லன்னு எழுது."

முதல் நாள் தாள் ரொம்ப அழகாக இருந்தது. நான் அதை எடுத்துப் பார்த்தேன். இரண்டு டம்ளர் உள்ளே போயிருக்கிறது. ஜாடியில் இரண்டு கரண்டிகூட இல்லை. மீதி எங்கே?

நெசவு வீட்டில் தவழ்கிற குழந்தைகூட இதைக் கேட்கும். பட்டு எங்களுக்கு எடை போட்டுத்தான் வரும். நெய்த சேலையும் எடை போட்டுத்தான் போகும். கழிவு நூலைக்கூட ஒரு காகிதத்தில் பொட்டலம் கட்டிச் சேர்த்து வைப்போம். போனதும் வந்ததும் சரியாக நிற்க வேண்டும், இல்லாவிட்டால் வீட்டுக்கே கெட்ட பெயர். உள்ளறையில் உத்திரத்தில் அதற்காகவே ஒரு பித்தளைத் தராசு தொங்கியது. இரண்டு தட்டு, நூல் கயிறு, நடுவில் ஒரு முள். ஒரு கிராம் கூடினாலும் முள் தலையை ஆட்டிச் சொல்லிவிடும். ஆயுத பூஜைக்கு அதற்குத்தான் முதல் பொட்டு. பட்டைத் தவிர வேறு எதையும் அதில் வைத்ததில்லை. ஒரு தடவை அம்மா ஏலக்காய் நிறுக்கப் போய் வாங்கிய ஏச்சு தெருக்கோடி வரை கேட்டது.

மறுநாள் முன்கூடத்தில் தறிகள் தடதடவென்று ஓடுகிற நேரத்தில் நான் உள்ளறைக்குள் போனேன். முதலில் பானையிலிருந்து முழுச் சொம்பு தண்ணீர். அடடா, அந்தத் தண்ணீர்! மண் வாசனையோடு தொண்டையில் இறங்கி நெஞ்சில் பரவியதை இன்றைக்கும் சொல்வேன். பிறகு கொல்லையில் உட்கார்ந்து அடிவயிற்றை அமுக்கி, வந்த வரை ஜாடியில் பிடித்தேன். அப்புறம் மணிக்கு ஒரு துணி. கழற்றிய துணி ஒரு தட்டில். அதே அளவு காய்ந்த துணி மறு தட்டில். முள் நிமிரும் வரை காய்ந்த பக்கம் குட்டிக் குட்டி எடைக்கல். எவ்வளவு கல் வைத்தேனோ அவ்வளவுதான் ஒழுகியது. அக்காவின் பழைய நோட்டில் கிழித்த தாளில் பென்சிலால் எழுதினேன். ஐந்தாம் வகுப்புக் கணக்கு, அதுவே போதுமாக இருந்தது.

இரண்டு நாள் எழுதியதில் ஒன்று தெரிந்தது. கொல்லைக்குப் போய் வந்த முதல் மணியில் துணி லேசு. இரண்டாம் மணியிலும் அப்படித்தான். மூன்றைத் தாண்டினால் தட்டு தொபுக்கென்று இறங்கும். எப்ப வராது என்று அத்தை கேட்ட கேள்விக்குப் பதில் அந்தப் பித்தளைத் தட்டில் உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்தது.

அந்த நேரம் பார்த்து அத்தை உள்ளே வந்தாள்.

அவள் போட்ட சத்தத்தில் தறிகள் எல்லாம் நின்றன.

"அய்யோ, பட்டு வெக்கிற தட்டுல மூத்தரத் துணி! டேய், ஜல்தி வாடா, ஒம் பொண்ணு பண்ற வேலையப் பாரு! கொழுப்புடி ஒனக்கு, கொழுப்பு! அந்தத் தராசுக்கு நான் பொட்டு வெச்சி கும்புடறன்டி!"

அப்பா வந்தார். முதுகில் விழப்போகிற அடிக்கு நான் தோளைக் குறுக்கிக்கொண்டேன். அவர் தராசைப் பார்த்தார். என் தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, மேலிருந்து கீழாக ஒரு தடவை, கீழிருந்து மேலாக ஒரு தடவை படித்தார்.

"தட்டுல பிளாஸ்டிக் கவர் போட்டியா?"

"போட்டேன்பா."

"ஒரு பக்கமா, ரெண்டு பக்கமுமா?"

"ரெண்டு பக்கமும்."

"அப்ப எட சரிதான்" என்று சொல்லிவிட்டு அப்பா தறிக்குத் திரும்பிப் போனார்.

அத்தை புளி போட்டு ஒரு தடவை, சாம்பல் போட்டு ஒரு தடவை, மஞ்சள் தண்ணீர் விட்டு ஒரு தடவை அந்தத் தராசைக் கழுவினாள். தராசு கல்யாணப் பெண் மாதிரி ஜொலித்தது. வேலூருக்குக் கிளம்பும்போது அப்பா என் தாளை நாலாக மடித்து என் கையிலேயே கொடுத்தார். "இத நீயே டாக்டரம்மாவாண்ட குடு" என்றார். அத்தையின் தாள் அவள் சுருக்குப் பையில். தை முகூர்த்தச் சேலை தறியில் இருந்ததால் அப்பா அம்மா இருவரும் நகர முடியவில்லை. நாங்கள் இரண்டு பேர்தான் போனோம், ஆளுக்கொரு தாளோடு.

டெஸ்ட் அறையில் டெட்டால் வாடை. மேசை பனிக்கட்டியாகக் குளிர்ந்தது. நூல் மாதிரி மெல்லிய குழாய் ஒன்றை உள்ளே வைத்து, அதன் வழியாகச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீரை ஏற்றினார்கள். பக்கத்தில் ஒரு மிஷின். காகிதச் சுருள் நகர நகர முள் அதன்மேல் கோடு கிழித்துக்கொண்டே வந்தது. டாக்டரம்மா கோட்டைப் பார்த்துக்கொண்டே, "நிறைஞ்ச மாதிரி இருக்கா பாப்பா? இப்போ? இப்போ?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வயிறு மட்டும் தண்ணீர்ப் பந்து மாதிரி மேலே வந்தது.

அத்தை கதவோரமாக நின்று கண்ணை மூடிச் சாமியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"இப்போ நல்லா இருமு" என்றார் டாக்டரம்மா.

"உடாதடி! அடக்கு! அடக்கு!" என்று அத்தை கத்தினாள்.

"அம்மா, கொஞ்சம் சும்மா இருங்க. ஒழுகினாத்தான் எங்களுக்குத் தெரியும். பாப்பா, நீ இருமு."

பதினோரு வருஷமாக அடக்கு என்றே கேட்ட காது இது. எந்தப் பக்கம் சேர்வது என்று ஒரு நொடி யோசித்தேன். பிறகு தறி அதிர்கிற மாதிரி ஒரு இருமல் இருமினேன். தட்டில் சலசலவென்று விழுகிற சத்தம் கேட்டது. முள் துள்ளிக் குதித்தது.

"வெரி குட்! ரொம்ப நல்லாப் பண்ணினே!"

ஒன்றுக்குப் போனதற்காக என்னை யாரும் பாராட்டியது அதுதான் முதல் தடவை. படுத்தபடியே அத்தையைப் பார்த்துச் சிரித்தேன். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

பிறகு டாக்டரம்மா தாளைக் கேட்டார். இரண்டும் நீண்டன. அத்தையின் தாளை ஒரு பார்வை பார்த்துவிட்டு மேசை ஓரத்தில் வைத்தார். என் தாளைப் படித்தவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தடவை படித்தார்.

"இதை யார் எழுதினது? துணியை எதுல எடை போட்டீங்க?"

"பட்டுத் தராசுல" என்றேன். அத்தை சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவர் சிரிக்கவில்லை. என் தாளை மிஷின் காகிதத்துக்குப் பக்கத்தில் வைத்து, விரலால் மாற்றி மாற்றித் தொட்டு அத்தையிடம் விளக்கினார். "இவளோட நீர்ப்பை நிறைஞ்சது இவளுக்குத் தெரியாது. முழுசாக் காலியும் ஆகாது. நிறைஞ்சு வழியறதுதான் இந்த ஒழுகல். சோம்பேறித்தனம் இல்ல, திமிர் இல்ல. தண்ணிய நிறுத்தினதாலதான் காய்ச்சல். வயித்தை அமுக்குறதும் கூடாது பாப்பா, அது கிட்னியைக் கெடுக்கும். சின்னக் குழாய் வெச்சு மொத்தமா எடுத்துடணும், நீயே எடுக்கலாம். எத்தனை மணிக்கு ஒரு தடவைன்னு இந்தத் தாளே சொல்லுது. மூணு மணி நேரம்."

திரும்பும் வழியில், வேலூர் பஸ் ஸ்டாண்டில் அத்தை எனக்கு ஒரு பன்னீர் சோடா வாங்கினாள். நான் பாதி குடித்துவிட்டுப் பழக்கத்தில் நிறுத்தினேன். "முழுசும் குடிடி" என்றாள். ஆரணி வரும் வரைக்கும் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள். அவள் தோள் குலுங்கியது பஸ்ஸாலா, வேறு எதனாலா என்று அப்போது நான் பார்க்கவில்லை.

குழாய் பழகுவது லேசில்லை. சின்னக் கண்ணாடி, கொதிக்கவைத்த ரப்பர் குழாய், சோப்பு, ஒரு பிஸ்கட் டப்பா. முதல் வாரம் இடம் தெரியாமல் அழுதேன். இரண்டாம் வாரம் குழாயைத் திட்டினேன். மார்கழிக் கோலம் முடிவதற்குள் கண்ணாடி தேவைப்படவில்லை. இடையில் இரண்டு தடவை பாவாடை நனைந்தது. இரண்டும் நான் மணியை மறந்து கதையடித்ததால்.

தை பிறந்ததும் எதிர்வீட்டுப் பெரியம்மாவுக்குக் கல்யாணச் சேலைப் பாவு வந்தது. வெண்பட்டு உடம்பு, அரக்குக் கரை. அத்தைக்கு ஜோடி கிடைக்கவில்லை. பெரியம்மாவே எங்கள் வாசலில் வந்து நின்று, "உன் தம்பி பொண்ணு இருக்குதே, அத ஒக்கார வெய்யேன்" என்றாள்.

"அது வேணாம்கா. எங்கியாவது ஒண்ணு ஆயிட்டா?" என்றாள் அத்தை.

நான் கழியை ஊன்றி முன்னால் வந்தேன். "மூணு மணி நேரத்துக்கு ஒருக்கா எழுந்து போவேன் பெரிம்மா. அதுக்குள்ள ஒரு சொட்டு உழுந்தாலும் இனிமே பட்டயே தொட மாட்டேன்."

அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அவளுக்கு அந்தக் கணக்கு தெரியும். வேலூரில் அவள் காதால் கேட்ட கணக்கு.

"வா" என்றாள்.

காலையில் கஞ்சி குடித்துவிட்டு எதிர்வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தோம். நான் இடது ஓரம், அவள் வலது ஓரம். பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டுச் சூம்பிய காலைப் பலகையில் நீட்டிக்கொண்டேன். சாம்பல் கிண்ணம் நடுவில். இழை, முறுக்கு, இழை, முறுக்கு. வேடிக்கை பார்க்க நாலு பெண்கள் வந்து நின்றார்கள். பட்டைப் பார்க்க வந்தவர்கள் என்றா நினைக்கிறீர்கள்? என் பாவாடையைப் பார்க்க வந்தவர்கள். சுவர்க் கடிகாரம் மூன்று மணி நேரத்தைத் தொட்டதும் எழுந்து கொல்லைக்குப் போனேன். திரும்பி வரும்போது அத்தை நான் உட்கார்ந்த பலகையை உள்ளங்கையால் தடவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் தூசு தட்டுகிற மாதிரி இரண்டு தட்டு தட்டினாள்.

"தூசியா அத்த?"

"கம்னு ஒக்காந்து வேலையப் பாருடி."

இரண்டாவது தடவை போய் வந்தபோது அவள் பலகையைத் தொடவில்லை. வேலையில் இருந்தாள். சாயந்திரம் வெயில் கூடத்துக்குள் சாய்ந்தபோது எங்கள் விரல்கள் நடுவில் முட்டிக்கொண்டன. அவள் பக்கத்தைவிட என் பக்கம் நாலு விரற்கடை அதிகம் வந்திருந்தது. பெரியம்மா அதை விரல் வைத்து அளந்து பார்த்தாள்.

இனிமேல்தான் உயிர் போகிற கட்டம். பிணைத்த பாவை மெல்ல இழுத்து, முறுக்குகள் எல்லாம் சீப்பு மாதிரி இருக்கும் அச்சின் பல் இடுக்கு வழியாக இந்தப் பக்கம் வர வேண்டும். முறுக்கு சரியில்லை என்றால் அங்கேதான் அறும். பெரியம்மா இழுத்தாள். வெண்பட்டு பால் மாதிரி நகர்ந்து வந்தது. ஒரு கறை இல்லை, ஒரு சொட்டு இல்லை. டிக் என்று ஒரு சத்தம். பிறகு இரண்டு. மூன்று இழை அறுந்தது.

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. பெரியம்மா குனிந்து, அறுந்த நுனிகளைத் தேடி விரலால் தூக்கிக் காட்டினாள்.

மூன்றும் வலது ஓரம்.

கடிகாரத்தைப் பார்த்தேன். நேரம் சரியாக இருந்தது. கழியை ஊன்றி எழுந்து நின்று, கொல்லை வரைக்கும் கேட்கிற குரலில், நாலு பெண்களும் பார்க்கப் பார்க்கச் சொன்னேன்:

"நான் ஒண்ணுக்குப் போய்ட்டு வந்துர்றேன் அத்த. அதுக்குள்ள நீ அந்த மூணையும் ஒயுங்கா முறுக்கி வெய்."